ஓரம் வெட்டாத புத்தகம்

வாரப் பத்திரிகை வாங்கி, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் கிழித்துச் சேர்த்து, கட்டு பெருத்ததும் பைண்டிங் செய்து வைத்த வீட்டில் வளர்ந்தவர்கள் நம்மில் பாதிப் பேர். எங்கள் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அத்தையுடையது. பார்க்கச் சகிக்காது. ஒரு பக்கம் வெளியே நீண்டிருக்கும், அடுத்தது உள்ளே போயிருக்கும். மழையில் நனைந்த கோழி மாதிரி ஒரு புத்தகம். அது ஜெயித்த விஷயத்தை எழுதி வைக்கிறேன். நான் எட்டாவதோடு நின்றவள். நீட்டி எழுத வராது.

தாம்பரத்தை அடுத்த சேலையூர். கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில் ஒரு லைன் வீடு. எதிரும் புதிருமாக மூன்று மூன்று, மொத்தம் ஆறு குடித்தனம். நடுவில் சிமெண்டு நடை. கடைசியில் ஒரு குழாய். எங்கள் பங்குக்கு ஒரு அறையும் சமைக்க ஒரு மூலையும். அதில் அப்பா, அம்மா, நான். பிறகு அத்தையும் வந்தாள்.

அத்தை அப்பாவின் தங்கை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். ஒரு நாள் மாமா போய்விட்டார். எங்கே என்று தெரியாது. ஒரு மாதம் பார்த்துவிட்டு அப்பா அவளை அழைத்து வந்தார். அத்தை துணிகளை ஒரு பழைய சேலையில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள்.

"ஒரு பொட்டி கூடவா இல்ல?" என்று எதிர் வீட்டு அக்கா கேட்டார்.

"இருந்துச்சு" என்றாள் அத்தை. அதற்கு மேல் சொல்லவில்லை.

மூட்டையில் ஒரு வாரப் பத்திரிகை இருந்தது. மாமா கடைசியாக வாங்கியது. ஜன்னலில் மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அதில் ஒரு தொடர்கதை அந்த வாரம்தான் ஆரம்பித்திருந்தது.

அத்தைக்குப் படிக்க வராது. கையெழுத்து மட்டும் போடுவாள். என்னைக் கூப்பிட்டு, "இத்தப் படி" என்றாள். கதையைப் படித்தேன். முடித்ததும், "கீழ பென்சில்ல இன்னாமோ கீது பாரு. அதையும் படி" என்றாள். மாமா கையெழுத்தில் இரண்டு வரி. அதையும் படித்தேன். அது என்ன என்று அதன் இடத்தில் சொல்கிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. அதில் விஷயம் இருப்பதாகவே தோன்றவில்லை.

அத்தை ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். ஒரே தடவையில் கோக்கிறவள். அன்று மூன்று தடவை ஆனது.

"யாராண்டயும் சொல்லாத" என்றாள்.

சொல்லவில்லை. இரண்டு நாளில் மறந்துவிட்டேன்.

அத்தை உட்கார்ந்து சாப்பிடுகிறவள் இல்லை. வந்த வாரமே பட்டன் வேலை எடுத்தாள். தாம்பரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனிகள் வரத் தொடங்கிய சமயம். சட்டைகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார்கள். பட்டன் தைத்து, நூல் பிசிறு வெட்டி, மடித்துக் கொடுக்க வேண்டும். எங்கள் நடையில் நான்கு பேர் செய்தார்கள். அத்தை, அம்மா, எதிர் வீட்டு அக்கா, கோடி வீட்டு ஆன்ட்டி. அந்தத் துணியின் வாசனை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். கஞ்சியும் மண்ணெண்ணெயும் கலந்த மாதிரி. பட்டன்கள் பிஸ்கட் டின்னில் இருக்கும். உள்ளே கையை விட்டால் ஜில்லென்று இருக்கும். மே மாதத்தில்கூட.

அவர்கள் கைக்கு வேலை இருந்தது. காது சும்மா இருந்தது. அதற்கு நான்.

நடுவில் விட்டுப்போன வாரங்களைப் பழைய பேப்பர் கடையில் தேடி வாங்கினோம். வியாழக்கிழமை பெட்டிக்கடையில் பத்திரிகை தொங்கும். ஸ்கூல் விட்டு வரும்போது வாங்கி வருவேன். நடையில் உட்கார்ந்து தொடர்கதையை உரக்கப் படிப்பேன். தலைக்கு மேல் தாம்பரம் ஏர்ஃபோர்ஸின் பயிற்சி விமானம் போனால் நிறுத்துவேன். போனதும் விட்ட இடத்திலிருந்து. கதையில் ஏதாவது நடந்தால் நான்கு ஊசியும் ஒன்றாக நிற்கும். அந்த வாரம் நல்ல வாரம்.

கதை ஒரு மலையூர் நர்ஸைப் பற்றியது. அவள் கணவன் குடிகாரன் இல்லை. அதைவிட மோசம். சிரித்துக்கொண்டே அடிப்பான். பதினான்காவது வாரம் அருவியில் விழுந்து செத்தான். கோடி வீட்டு ஆன்ட்டி ஸ்தோத்திரம் சொன்னார். எதிர் வீட்டு அக்கா எழுந்துபோய்ச் சுண்டல் செய்து கொண்டுவந்தார். அதற்குப் பிறகு நர்ஸ் ஆஸ்பத்திரியில் தலை நிமிர்ந்து நடந்தாள். எங்கள் நடையிலும் எல்லோரும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் அந்தப் பத்திரிகையைப் பங்கு போட்டுவிடுவோம். சமையல் குறிப்பு எதிர் வீட்டுக்கு. ஜோக்குப் பக்கம் கோடி வீட்டுக்கு. அட்டை என் நோட்டுக்கு. தொடர்கதை அத்தைக்கு. அவள் கிழிப்பதைப் பார்க்க வேண்டும். ஸ்கேல் வைக்கமாட்டாள். ஊசி முனையால் மடிப்பில் ஒரு கோடு இழுப்பாள். பக்கம் தானாக வரும்.

அந்தப் பத்திரிகையில் கதைப் பக்கத்தில் பக்க எண் மட்டும் இருக்கும். எத்தனாவது வாரம் என்று போடமாட்டார்கள். ஒரு நாள் காற்றில் எல்லாம் கலைந்துபோனது. நான் கதையைப் படித்துப் படித்து அடுக்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அத்தைக்குத் தேதி வைத்துப் பழக்கமில்லை. என்ன நடந்தது என்று சொன்னால் எப்போது என்று சொல்லிவிடுவாள். அதையே வழியாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஒவ்வொரு வாரமும் ஓரத்துல எழுதிடு. இந்த வாரம் இன்னா நடந்துச்சோ அத்த."

எழுதினேன். பேனாவில், பக்கத்தின் ஓரத்தில், பொடி எழுத்தில்.

"குழாயில் மூன்று நாள் தண்ணி வரவில்லை." "கோடி வீட்டுப் பூனை குட்டி போட்டது. நாலு." "எனக்கு அம்மை. அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள்." இப்படி. எழுதிவிட்டுப் பேனாவை மூடப் போவேன். "ம்" என்பாள் அத்தை. அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். "மாமா வரவில்லை" என்று சேர்ப்பேன். வாராவாரம் அந்த இரண்டு சொல் இருக்கும்.

அப்பாவுக்கு இது பிடிக்காது. "புஸ்தகத்துல கிறுக்கி வெச்சிகினு" என்பார். அத்தை கதை கேட்பதே அவருக்குப் பிடிக்காது. வேலைவெட்டி இல்லாத மனசுக்குத்தான் கதை என்று நினைத்தார். ஒரு நாளைக்கு எத்தனை சட்டை அவள் மடியில் ஏறி இறங்குகிறது என்று அவர் பார்த்ததில்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. கதை முடிகிற வழியாக இல்லை. கட்டு தலையணை உயரம் வந்துவிட்டது. முதல் பாகமாக இதுவரைக்கும் பைண்டிங் போட்டுவிடலாம் என்றாள் அத்தை. ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் தாம்பரம் ஸ்டேஷன் படி ஏறி மேற்குப் பக்கம் இறங்கினோம். மார்க்கெட் பக்கத்தில் ஒரு பைண்டர் கடை. பசை வாசனை. பள்ளிக்கூட நோட்டுகள் அடுக்கடுக்காக. பெரிய சக்கரம் வைத்த ஒரு வெட்டு மெஷின்.

பைண்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். "மூணு பக்கமும் ஓரம் வெட்டிடறேன். கத்தி மாதிரி வரும்" என்றார்.

"வெட்டக் கூடாது."

"வெட்டலன்னா பிசிறா இருக்கும்மா."

"இருக்கட்டும்."

"ஓரத்துல பேனா கிறுக்கல் வேற கீது. வெட்டினா அதுவும் பூடும், நீட்டா இருக்கும்."

"அதுக்குத்தான் வெட்டாதன்றேன்."

"இப்புடிக் குடுத்தா பாக்கறவன் என்னைத் திட்டுவான். என் பேரு கெடும்."

"உன் பேர அதுல போடாத."

பைண்டர் என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன்.

"நேரா வேணாவா?" என்றார் கடைசியாக.

"நேரா வேணாம். முழுசா வேணும்" என்றாள் அத்தை. முதல் பக்கத்தைத் திருப்பி, அடிப்பக்கத்தில் விரலை வைத்தாள். "இங்க ஒரு நூல் கூடக் கொறையக் கூடாது."

ஒரு வாரத்தில் கிடைத்தது. பச்சை காலிகோ துணி ஒட்டிய முதுகு. உள்ளே அந்தப் பிசிறு. அப்பா கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "எலி கடிச்ச புஸ்தகம்" என்றார். அரிசி டிரம்மின் மூடிமேல் அதற்கு இடம் கிடைத்தது.

அடுத்து வந்தது கோடை. குழாயில் காற்று மட்டும் வந்த கோடை. ஸ்கூல் லீவு. ஒரு வியாழக்கிழமை படித்துக்கொண்டே போகிறேன். நர்ஸ் வேலை முடிந்து வீட்டுக்கு வருகிறாள். வாசலில் ஒருத்தன் நிற்கிறான். கணவன். அருவியில் செத்தவன்.

நான்கு ஊசியும் நின்றன.

அருவியில் விழுந்தது அவன் இல்லையாம். அவனை உரித்து வைத்தாற்போல் ஒரு தம்பியாம். கல்யாணமான மறுவாரமே அண்ணன் ரகசியப் போலீஸ் வேலையாக வெளியூர் போய்விட்டானாம். அவன் இடத்தில் வந்து உட்கார்ந்து அடித்ததெல்லாம் அந்தத் தம்பியாம். நான்கு பக்கத்தில் அத்தனை வாரத்து அடியும் வேறொருத்தன் தலையில் போய்ச் சேர்ந்தது. அண்ணன் பால் மாதிரி வெளுத்துவிட்டான்.

"அப்ப நாம அவன் செத்தான்னு ஸ்தோத்திரம் சொன்னது?" என்றார் ஆன்ட்டி.

"நான் சுண்டல் வேற செஞ்சேன்" என்றார் அக்கா.

நீளமான கதையில் இது நடக்கும். எழுதுகிறவருக்கு ஆள் மறுபடி தேவைப்படும். போன வருஷம் எழுதியதைப் போய் மாற்ற முடியாது. அதனால் இந்த வருஷத்திலிருந்து அதற்கு வேறு அர்த்தம் சொல்வார். பின்னால் டிவி சீரியல் வந்த பிறகு நாம் நிறைய பார்த்தோம். திடீரென்று ஒரு நாள் வேறு முகம் வரும். 'இனி இவருக்குப் பதில் இவர்' என்று எழுத்துப் போடுவார்கள். அது பரவாயில்லை. சொல்லிவிட்டு மாற்றுகிறார்கள்.

எனக்கு ஆச்சரியம் கதை எழுதியவர் மேல் இல்லை. எங்கள் நடை மேல்தான். அடுத்த வியாழக்கிழமை எதிர் வீட்டு அக்கா சொன்னார்: "எனக்கு அப்பவே டவுட்டுதான். கட்டினவன் அப்டி சிரிப்பானான்னு."

"கல்யாணத்துல நல்லவனாத்தான இருந்தான்" என்றாள் அம்மா.

"மூஞ்சி கூட கொஞ்சம் வேற மாதிரின்னு போட்டிருந்துச்சு" என்றார் ஆன்ட்டி. அப்படி எந்த வாரமும் போடவில்லை. படித்தவள் நான்.

அத்தை தலையைத் தூக்கவில்லை. "அந்த புக்க எடு. என் கால்ல கஞ்சி கொட்டின வாரம்" என்றாள்.

தேடினேன். ஓரத்தில் இருந்தது. "அத்தை காலில் கஞ்சி கொட்டியது. மாமா வரவில்லை." அந்த வாரக் கதையைப் படிக்கச் சொன்னாள். கணவன் அடிக்கக் கையை ஓங்குகிறான். நர்ஸ் அவன் மணிக்கட்டைப் பார்க்கிறாள். கல்யாணத்தன்று ஓமத் தீ பட்ட தழும்பு. அன்றைக்கு அவளே வெண்ணெய் தடவிய தழும்பு.

"கல்யாணத்துல அண்ணன் கையில பட்ட நெருப்பு, தம்பி கையில எப்டி தழும்பாவும்?" என்றாள் அத்தை.

அத்தை அடுத்த பட்டனை எடுத்தாள்.

"எழுதினவருக்கு மறந்துபூட்ச்சு. நம்மாண்ட பக்கம் கீது."

"இன்னா நீ, வக்கீலாட்டம் பேசற. கதை தான" என்றார் அக்கா.

பத்து நாள் கழித்து மாமா வந்தார். கதையில் வந்த சூட்டோடு வீட்டிலும் வந்தார் என்றால் நம்பமாட்டீர்கள். ஓரத்தில் எழுதியிருந்தது. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

நேரே எங்கள் வீட்டுக்கு வரவில்லை. முதலில் மேடவாக்கம் போய்ப் பெரியப்பாவைப் பார்த்திருக்கிறார். பெரியப்பா அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவர். அப்போது மேடவாக்கம் வயல். பெரியப்பாவுக்கு அதில் பங்கு இருந்தது. அதனால் குடும்பத்தில் அவர் குரல்தான் பெரிது. அவரைச் சரி செய்துவிட்டுத்தான் மாமா எங்கள் நடைக்குள் நுழைந்தார். வெள்ளைச் சட்டை. கையில் பம்பாய் அல்வா. ஆரஞ்சு நிறம், ரப்பர் மாதிரி இழுக்கும், நடுவில் முந்திரி. எனக்கு இரண்டு துண்டு கொடுத்தார். நன்றாக இருந்தது. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

பம்பாயில் வேலையாம். வீடு பார்த்துவிட்டாராம். அத்தையை அழைத்துப் போக இரண்டு டிக்கெட் எடுத்துவிட்டாராம். பேசும்போது பாவமாகப் பேசுவார்.

"ரொம்ப பேஜாராப் பூட்ச்சு மச்சான்" என்று அப்பாவிடம் சொன்னார். "அன்னிக்கி ராத்திரி சண்டையில என்ன வெளிய தள்ளி கதவ சாத்திட்டா. கட்டின லுங்கியோட ரோட்ல நின்னேன். எங்க போறது? எவனோ பம்பாய்க்குக் கூப்ட்டான், போய்ட்டேன்."

அத்தையிடம் அப்பா கேட்டார். "போறியா?"

"போல."

"ஏன்?"

"போல."

"பேசத் தெரியாதா உனக்கு? கதையா கேட்டுக் கேட்டுக் கெட்டுப்பூட்ட" என்றார் அப்பா. இப்போது யோசித்தால் அவர் கெட்டவர் இல்லை. ஒரே அறை. நான்கு பேர். யாராவது ஒருவர் சுலபமான பதில் சொன்னால் போதும் என்றிருந்தது அவருக்கு.

ஒரு வாரத்தில் மாமா சொன்னது ஊன்றிவிட்டது. குழாயடியில் பேச்சு மாறியது. "அவளுக்கு வாய் ஜாஸ்திதான்" என்றார்கள். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிறவளைப் பற்றி. எதிர் வீட்டு அக்காவே, "அன்னிக்கி ராத்திரி ஏதோ சத்தம் கேட்ட மாரி இருந்துச்சு" என்றார். அக்கா வீடு எங்கள் நடையில். சண்டை நடந்ததாகச் சொன்னது இரண்டு தெரு தள்ளி.

ஞாயிறு காலை பெரியப்பா பஸ்ஸில் வந்து இறங்கினார். புதன்கிழமை ரயில். அந்த ஞாயிறே முடிவு சொல்லியாக வேண்டும். நடையில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். மாமா பாயில் உட்கார்ந்தார். அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். அக்காவும் ஆன்ட்டியும் அவரவர் வாசலில் பட்டன் தைத்துக்கொண்டே. அத்தை எங்கள் நிலைப்படியில். மடியில் சட்டை. நான் அவள் பக்கத்தில். அவள் போய்விட்டால் வியாழக்கிழமை யாருக்குப் படிப்பது என்பதுதான் என் கவலை. வெளியே சொல்லவில்லை.

பெரியப்பா தொண்டையைச் செருமினார். "இந்தா பாரும்மா. ஆம்பள தேடி வந்துட்டான். தப்பு ரெண்டு பேர் மேலயும் கீது. புருஷன லுங்கியோட வெளிய தள்ளினது உன் தப்பு."

"தள்ளல."

"தள்ளினன்னு அவுரு சொல்றாரு."

"தள்ளல பெரியண்ணே."

மாமா கையைக் காட்டினார். "வுடுங்க பெரிய மச்சான். நான் மனசுல வெச்சிக்கல. பொங்கலுக்கு வந்தனே, அப்பக்கூட இவ மூஞ்சி காட்டல. இதே வாசல்ல நின்னேன். நீங்க உள்ள சாப்ட்டுகினு இருந்தீங்க."

பெரியப்பா நெற்றியைத் தேய்த்தார். "ஆமா. பொங்கலுக்கு நான் இங்கதான் வந்தேன். வாசல்ல யாரோ நின்ன மாரி... எனக்கே ஞாபகம் கீது."

அவர் பொய் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் அவருக்கு நிஜமாகவே ஞாபகம் வந்துவிட்டது. சுண்டல் செய்த அக்காவுக்கு டவுட்டு வந்த மாதிரி.

"அப்ப முடிஞ்சிது. பொதங்கெழம கெளம்பு" என்றார்.

அத்தை நூலைப் பல்லால் கடித்தாள். சட்டையை மடித்து அடுக்கில் வைத்தாள். என்னைப் பார்த்து, "புக்க எடுத்தா" என்றாள்.

"இப்ப இன்னாத்துக்குக் கதை?" என்றார் அப்பா.

அம்மா எழுந்தாள். அதுவரைக்கும் அம்மா எந்தப் பக்கமும் பேசியதில்லை. உள்ளே போய், அரிசி டிரம்மின் மேலிருந்து புத்தகத்தை எடுத்து, முந்தானையால் துடைத்து, என் கையில் வைத்தாள்.

"பொங்க வாரம்" என்றாள் அத்தை. "கதை வேணாம். ஓரம்."

புரட்டினேன். பிசிறுப் பக்கம். ஒவ்வொன்றாகத்தான் புரளும். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிடைத்தது. கதையைப் படிக்கிற அதே குரலில் படித்தேன்.

"பொங்கல். பெரியப்பா இரண்டு கரும்பு கொண்டுவந்தார். மூன்று நாள் இருந்தார். கதவைத் திறந்து வைத்துச் சாப்பிட்டோம். மாமா வரவில்லை. வந்தால் செருப்பால் அடிப்பேன் என்று பெரியப்பா சொன்னார்."

முதலில் சிரித்தது கோடி வீட்டு ஆன்ட்டி. வாயில் நூல் இருந்தது, அதனால் மூக்கால் சிரித்தார். அக்காவுக்குத் தொற்றியது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

பெரியப்பா கால் இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். செருப்பு வாசலில்தான் இருந்தது. "நானா சொன்னேன்?" என்றார்.

"சொன்னீங்க" என்றாள் அம்மா. "கரும்ப ஒடச்சிகினே சொன்னீங்க."

அவர் கொஞ்சம் யோசித்தார். "ஆமா. சொன்னேன்" என்றார். இது வேறு ஞாபகம். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. பிறகு மாமா பக்கம் திரும்பி, "இன்னாய்யா நீ, வாசல்ல நின்னன்ற" என்றார்.

"சின்னப் பொண்ணு எழுதினது பெரிய மச்சான். அதப் போய்..."

"மொதப் பக்கம்" என்றாள் அத்தை. "கீழ."

எனக்கே மறந்துபோயிருந்தது. திருப்பினேன். கதைத் தலைப்பு, நர்ஸ் படம், கதை. அதற்கும் கீழே, தாளின் கடைசி விளிம்பில் பென்சில் எழுத்து. பைண்டர் ஒரு நூல் வெட்டியிருந்தால் போயிருக்கும். படித்தேன்.

"பெட்டி சைக்கிள் கடையில். சாவி வாங்கணும். வியாழன் காலை 11 வண்டி."

ஆன்ட்டி வாயிலிருந்த நூலை எடுத்தார். தூரத்தில் மின்சார ரயில் சத்தம் கேட்டது.

"இது யார் எழுத்து?" என்றார் அப்பா.

மாமா உடனே சொன்னார்: "பொட்டிய அங்க வெச்சது வேற விஷயம் மச்சான். அது பூட்டு ரிப்பேருக்கு..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். அதற்குள் சொல்லியாகிவிட்டது.

"லுங்கியோட நின்னன்னியேப்பா" என்றார் கோடி வீட்டு ஆன்ட்டி. ரொம்ப மெதுவாகச் சொன்னார். "பொட்டி முன்னாடியே போயிட்டுதா?"

அப்பா வந்து என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். எலி கடித்த புத்தகம் என்று சொன்னவர். வெளிச்சத்தில் பிடித்து அந்த இரண்டு வரியையே ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அவள் அன்றைக்கு மூட்டையோடு வந்தது அவருக்கு ஞாபகம் வந்திருக்கும். "ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை. புத்தகத்தை மூடி, இரண்டு கையாலும் அத்தையிடம் கொடுத்தார்.

"மாப்ள" என்றார். "ஒரு டிக்கெட்ட கேன்சல் பண்ணிடுங்க."

மாமா எழுந்தார். பாயை யாரும் சுருட்டவில்லை. அவர் அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. சந்து திரும்பும் வரைக்கும் நான்கு பெண்களும் பார்த்தார்கள். பிறகு நான்கு ஊசியும் ஓடத் தொடங்கின. அப்படி ஒரு வேகத்தை நான் பார்த்ததில்லை. அன்றைய மூட்டை சாயங்காலத்துக்குள் முடிந்தது.

பெரியப்பா சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "பாப்பா, அந்தப் பொங்கல் வரிய அடிச்சிடேன்."

"பேனாவுல எழுதினது பெரியண்ணே" என்று உள்ளிருந்து அத்தை சொன்னாள்.

"அப்ப செருப்ப மட்டுமாவது எடுத்துடு."

அதையும் எடுக்கவில்லை.

மறுநாள் எதிர் வீட்டு அக்கா வந்து, "ராத்திரி சத்தம் கேட்டுச்சுன்னு நான் சொன்னத எழுதிட்டியா?" என்று ரகசியமாகக் கேட்டார். எழுதிவிட்டேன் என்றேன். அன்று மத்தியானம் சுண்டல் வந்தது. கிண்ணம் எனக்கு மட்டும்.

அத்தை அடுத்த வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனிக்குள்ளேயே வேலைக்குப் போனாள். கொஞ்ச நாளில் ஒரு லைனுக்கு சூப்பர்வைசர் ஆனாள். ரிஜிஸ்டரில் எழுத வேண்டுமே என்று என்னிடமே எழுத்து கற்றுக்கொண்டாள். நான் எட்டாவதோடு நின்றதும் என்னையும் அதே லைனில் சேர்த்தாள். தொண்ணூறுகளில் பெரும்பாக்கம் பக்கம் அரை கிரவுண்டு வாங்கி வீடு கட்டினாள். கிரகப்பிரவேசத்துக்குப் பெரியப்பா வந்தார். செருப்பை ரொம்ப தூரத்தில் கழற்றிவிட்டு வந்தார். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

புத்தகம் இப்போது இல்லை. வெள்ளம் வந்த வருஷம் ஊறிப்போனது. வெயிலில் காயவைத்துப் பார்த்தேன். ஒட்டிக்கொண்டது. பென்சில் எழுத்து கடைசிவரை அழியவில்லை. பேனாதான் கரைந்தது.

அந்தக் கோடைக்கே வருகிறேன். ஒன்று பாக்கி இருக்கிறது.

மாமா போய் நான்கு வாரத்தில் கதை முடிந்தது. நர்ஸ் வேலையை விட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் கணவன் கார் கொண்டுவந்து நிறுத்துகிறான். தழும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'அவள் அவனோடு போனாள்' என்று முடித்து, கீழே 'முற்றும்' போட்டிருந்தார்கள். படித்து முடித்தேன். அக்கா சமையல் குறிப்பைக்கூடக் கேட்கவில்லை.

அத்தை கையை நீட்டினாள். ஊசி முனையால் கோடு இழுத்துக் கடைசிப் பக்கங்களை எடுத்தாள். பைண்டிங்குக்குப் பிறகு வந்த வாரங்களோடு சேர்த்து, புத்தகத்தின் பின்னட்டையில் வைத்து, சட்டைப் பட்டன் நூலாலேயே தைத்தாள். இரட்டை நூல். பட்டனுக்குப் போடுகிற குறுக்குத் தையல். முடிச்சைக் கடித்துவிட்டு என் பக்கம் தள்ளினாள்.

"எழுது."

"இந்த வாரம் ஒண்ணும் நடக்கல அத்தை."

"ம்" என்றாள்.

பேனாவைத் திறந்தேன். வழக்கமான இரண்டு சொல்லை எழுதப் போனேன். அவள் முகத்தைப் பார்த்தேன். நிறுத்தினேன். பிறகு, 'அவள் அவனோடு போனாள். முற்றும்' என்பதற்கு நேர் கீழே, ஓரத்தில் இல்லாமல் நடுவில், கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதினேன்.

"அத்தை போகவில்லை."

படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். இன்னொரு தடவை என்றாள்.